வடசென்னைல இருந்து வைசாக், அரக்கு வரைக்கும் கார்ல: மொத தடவ லாங் டிரிப் போறவங்களுக்கு

லாங் டிரிப்னு சொன்னாலே நம்ம ஏரியால எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரினு தான் ஆரம்பிப்பாங்க. எல்லாமே தெக்கால. தண்டையார்பேட்டைல இருந்தோ ராயபுரத்துல இருந்தோ கெளம்பி, சிட்டி முழுக்க சிக்னல் சிக்னலா நின்னு, பெருங்களத்தூர் தாண்டி வண்டி ஃப்ரீயா ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள ஓட்றவருக்கு பாதி உயிர் போயிடும், இன்னும் டிரிப்பே ஆரம்பிக்கல. வடக்கால பாத்தா நெலம தலைகீழ். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், செங்குன்றம், அவ்ளோ தான், கல்கத்தா ஹைவே ஏறிட்டீங்க. அதனால மொத தடவ லாங் போறவங்களுக்கு நான் சொல்றது ஆந்திராவுல இருக்கற வைசாக், அதாவது விசாகப்பட்டினம், அதுக்கு மேல அரக்கு மலை தான். வைசாக் வரைக்கும் சுமார் 800 கிலோமீட்டர், வழி ஃபுல்லா அதே கல்கத்தா ஹைவே, என்ஹெச் 16, தொலைஞ்சு போறதுக்கு சான்ஸே கம்மி. நம்ம பக்கம் பாதி வீட்ல தெலுங்கு தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க, அதுவும் ஒரு வசதி.

தெக்க தான் போவேன்னு அடம் புடிக்கறவங்க சிட்டிக்குள்ள நுழையாம, மீஞ்சூர்ல இருந்து வண்டலூர் போற அவுட்டர் ரிங் ரோடை புடிங்க, 62 கிலோமீட்டர் சுத்து தான் ஆனா டைம் மிச்சம். மத்ததெல்லாம் கீழ சொல்றது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

மொதல்ல எத்தனை நாள், அத முடிவு பண்ணுங்க

எல்லாரும் மேப்பை தொறந்து கிலோமீட்டரை பாக்கறாங்க. "800 தான், 13 மணி நேரம் காட்டுது, காலைல கெளம்பினா ராத்திரி போயிடலாம்"னு சொல்ற ஆளு ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு மச்சான் இருப்பாரு. அவர் பேச்ச கேக்காதீங்க. மேப் காட்ற டைம்ல டீ குடிக்கறது இல்ல, பாப்பா வாந்தி எடுக்கறது இல்ல, பாத்ரூம் தேடறது இல்ல. அது கூட ஒரு கால் பங்கு சேத்துக்கோங்க. அப்பால பாக்க வேண்டியது கிலோமீட்டர் இல்ல, ஒரே ஆளு ஒரு நாளைக்கு எவ்ளோ மணி நேரம் நிதானமா ஓட்ட முடியும்ங்கறது. புதுசா ஹைவேல ஓட்றவருக்கு எட்டு மணி நேரம் தாராளம், அதுக்கு மேல போனா கண்ணு தொறந்திருக்கும் மூளை தூங்கிட்டு இருக்கும். எட்டு மணி நேரம்னா இந்த ரோட்ல சுமார் 450 கிலோமீட்டர், கரெக்டா விஜயவாடா.

அந்த கணக்குல ஒரு வாரம் லீவு இருந்தா இப்டி போடலாம். மொத நாள் விஜயவாடா போய் தங்கல். ரெண்டாவது நாள் அங்கருந்து 350 கிலோமீட்டர் வைசாக், நடுவுல ராஜமுந்திரில மதிய சாப்பாடு. மூணாவது நாள் வண்டிய தொடாதீங்க, வைசாக்லயே சுத்துங்க. நாலாவது நாள் அரக்கு, சுமார் 115 கிலோமீட்டர் மலைப்பாதை, அங்கயே நைட். அஞ்சாவது நாள் எறங்கி ராஜமுந்திரி. ஆறாவது நாள் நெல்லூர். ஏழாவது நாள் காலைல நெல்லூர்ல தோசை சாப்ட்டுட்டு 175 கிலோமீட்டர், மத்தியானத்துக்குள்ள வீடு. ராஜமுந்திரில இருந்து ஒரே மூச்சுல வீட்டுக்கு வரலாமேனு தோணும், 600 கிலோமீட்டருக்கு மேல, வேணாம். வீட்டுக்கு வர்ற அவசரத்துல தான் ஆக்சிடெண்ட் ஆகும். அஞ்சு நாள் தான் லீவுன்னா அரக்குவ தூக்கிடுங்க, நாளை சுருக்கி ஓட்டத்த கூட்டாதீங்க.

எப்போ போறது? டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைக்கும் சோக்கா இருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மொத பாதி புயல் சீசன், இந்த ரோடு பெரும்பாலும் கடலோரப் பக்கமா தான் போகுது, நம்மள விட்ற புயல் நேரா ஆந்திராக்காரங்களுக்கு போகும். ஏப்ரல், மே ஸ்கூல் லீவு தான், ஆனா விஜயவாடா, குண்டூர் பக்கம் வெயில் 40 தாண்டும், பெரியவங்களோட போனா பேஜார். பொங்கல் லீவுல போலாம்னு நெனைக்காதீங்க, அவங்களுக்கு அது சங்கராந்தி, ஹைதராபாத்ல இருக்கற கூட்டம் மொத்தமும் ஊருக்கு வருது, கோதாவரி மாவட்டங்கள்ல சேவல் சண்டை பாக்க வர்ற கும்பல்ல லாட்ஜ் கெடைக்காது.

வண்டி

இங்க தான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நம்ம ஏரியா வண்டிக்கு சில ஸ்பெஷல் வியாதி இருக்கு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரோட்டோரம் நிக்கற வண்டிக்கு உப்புக்காத்து, பேட்டரி டெர்மினல்ல பச்சையா வெள்ளையா பூத்து கெடக்கும், தொறந்து பாத்தா தெரியும். மணலி, எண்ணூர் தூசில ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் மத்த ஊரை விட சீக்கிரம் அடைச்சுக்கும். டெய்லி ஜாம்லயே ஓடறதால கிளட்ச் தேஞ்சிருக்கும். அப்றம் எலி. தெருவுல நிக்கற வண்டில ஒயர கடிச்சு வெச்சிருக்கும், சிட்டிக்குள்ள ஓடும்போது ஒன்னும் தெரியாது, நைட்ல ஹெட்லைட் போடும்போது தான் ஒரு பக்கம் எரியாது.

சர்வீஸ கெளம்பற மொத நாள் விடாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி விடுங்க, ஏன்னா சர்வீஸ்ல தான் சில சமயம் ஒரு நட்ட டைட் பண்ண மறந்திருப்பாங்க, ஒரு ஹோஸ் லூசா இருக்கும், அது என்னனு தெரிய வண்டி ஒரு வாரமாவது ஓடணும். சர்வீஸ் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழம குடும்பத்தோட பழவேற்காடு போய் மீன் சாப்ட்டுட்டு வாங்க. அது தான் டிரையல். வேகமா போனா ஸ்டீரிங் ஆடுதா, பிரேக் புடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா, ஏசி போட்டு ஓட்டினா டெம்பரேச்சர் முள்ளு ஏறுதா, எல்லாம் அதுலயே தெரிஞ்சிடும். மெக்கானிக் அண்ணன்கிட்ட "லாங் போறேண்ணா, பிரேக் பேட், கூலண்ட், பெல்ட், பேட்டரி, வைப்பர் பாத்துக்குடு"னு பேர் சொல்லி கேளுங்க. சும்மா "ஜெனரல் செக் பண்ணுங்க"னு சொன்னா வாட்டர் வாஷ் பண்ணி குடுத்துடுவாங்க.

டயருக்கு வாங்க. சிட்டில தேஞ்ச டயர் ஒன்னும் பண்ணாது, ஹைவேல 90ல போகும்போது வெயில்ல சூடாகி வெடிச்சா கதை வேற. டயர் பள்ளத்துக்குள்ள சின்ன சின்ன மேடு இருக்கும், மேல்பாகம் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துடுச்சுனா 1.6 மில்லிமீட்டர் தான் மிச்சம், அந்த டயர் முடிஞ்சுது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2321னு இருந்தா 2021ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுனு அர்த்தம். அஞ்சாறு வருஷம் தாண்டிருந்தா டயர் பாக்க புதுசா இருந்தாலும் கடைல காட்டுங்க, ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். காத்து எவ்ளோனு டிரைவர் சைடு டோர தொறந்தா ஸ்டிக்கர்ல இருக்கு, ஆள் ஃபுல்லா லோடு ஃபுல்லானா தனி நம்பர் போட்டிருப்பான், அத பாத்து அடிங்க. வண்டி ஓடி சூடானப்பறம் அடிச்சா அளவு தப்பா காட்டும், அதனால காலைலயே. ஸ்டெப்னிக்கும் காத்து அடிங்க, பத்து பேர்ல எட்டு பேர் இத மறக்கறாங்க. வீட்டு வாசல்லயே ஒரு தடவ ஜாக்கி போட்டு வீல கழட்டி மாட்டி பாருங்க, ஸ்பானர் எங்க இருக்குனே தெரியாம நெல்லூர் தாண்டி காவலி பக்கம் ரோட்டோரம் மேனுவல் படிச்சிட்டு இருக்கக்கூடாது.

வாடகை வண்டின்னா ஒன்னே ஒன்னு. செல்ஃப் டிரைவுக்குனு லைசென்ஸ் எடுத்த வண்டில கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிஞ்சவரு வெள்ளை போர்டு வண்டிய கம்மி துட்டுக்கு தரேன்னு சொல்வாரு, அத வாங்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா வாடகைக்கு விட்டதா சொல்லி இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். ஓட்ட தைரியம் இல்லன்னா ஆக்டிங் டிரைவர் வெச்சுக்கலாம், கெளம்பறதுக்கு முன்னாடியே ஒரு நாளைக்கு எவ்ளோ, பேட்டா எவ்ளோ, சாப்பாடு, ரூம் யார் செலவுனு பேசிடுங்க. அவரையும் வண்டிலயே தூங்க வெச்சிட்டு நீங்க மட்டும் ஏசி ரூம்ல படுத்தீங்கன்னா மறுநாள் உங்க குடும்பத்த ஓட்டிட்டு போறது தூங்காத ஆளு, ஞாபகம் இருக்கட்டும்.

பேப்பர், டோல், துட்டு

ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட், லைசென்ஸ். நாலும் ஃபோன்ல டிஜிலாக்கர் இல்லன்னா எம்பரிவாஹன் ஆப்ல ஏத்தி வெச்சுக்கோங்க, அது செல்லும், இருந்தாலும் ஒரு ஜெராக்ஸ் செட்டு டேஷ்போர்டுல கெடக்கட்டும், வேற ஸ்டேட்ல சிக்னல் இல்லாத எடத்துல ஃபோன ஆட்டிட்டு நிக்கறதுக்கு பேப்பர் பெட்டர். பொல்யூஷன் சர்டிஃபிகேட் தான் எல்லாருக்கும் எக்ஸ்பைரி ஆகி கெடக்கும், பங்க்லயே எடுத்துடலாம். ரூமுக்கு எல்லாரோட ஆதாரும்.

ஃபாஸ்டேக்ல போக வர இருபதுக்கு மேல டோல் வரும், அதனால ரீசார்ஜ் மொத நாளே. கேஒய்சி பெண்டிங் இருந்தா பேலன்ஸ் இருந்தும் பிளாக் ஆயிடும், ஆப்ல பாத்துடுங்க. டேக் வேலை செய்யலன்னா 2025 நவம்பர் 15ல வந்த ரூல்ல யூபிஐல கட்டினா ஒன்னேகால் மடங்கு, கேஷ்னா ரெண்டு மடங்குனு இருந்துச்சு. சொந்த கார் வெச்சிருந்து வருஷத்துல ரெண்டு மூணு லாங் போறவங்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் லாபம், 2025 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சப்போ 3000 ரூபாய், ஒரு வருஷம் இல்லன்னா 200 தடவ டோல் தாண்டறது, எது மொதல்ல வருதோ அது. நேஷனல் ஹைவே டோல்ல மட்டும் தான் செல்லும், ஸ்டேட் ரோட்டு டோல்ல வழக்கம்போல காசு போகும்.

பெட்ரோல் கணக்கு ஈஸி. லோக்கல் சுத்தறதும் சேத்து 2000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 குடுத்தா 133 லிட்டர், 110 ரூபாய்னு போட்டா 14,600 சொச்சம். ஆந்திரால நம்மள விட லிட்டருக்கு நல்லாவே ஜாஸ்தி, அதனால கும்மிடிப்பூண்டி தாண்டறதுக்குள்ள டேங்க் ஃபுல் பண்ணிட்டு தடா பார்டர தாண்டுங்க, ஆந்திரா லாரிக்காரங்களே அத தான் பண்றாங்க. காக்கிநாடா பக்கத்துல இருக்கற ஏனாம் பாண்டிச்சேரிய சேந்தது, அங்க ரேட்டு கம்மி, ஆனா அதுக்காக ஹைவேய விட்டு அவ்ளோ தூரம் போனா மிச்சம் புடிச்சது அதுலயே போயிடும். சரக்கு பாட்டில் எதுவும் எடுத்துட்டு பார்டர் தாண்டாதீங்க, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் எக்சைஸ் ரூல் வேற, செக்போஸ்ட்ல டிக்கி தொறக்க சொன்னா லீவு அங்கயே முடிஞ்சுது.

டிக்கில என்ன

ஆளுக்கு ஒரு பை. பெட்டி வேணாம், துணிப்பை மாதிரி மெத்துனு இருக்கறது தான் சந்துல அடங்கும். பின் கண்ணாடி மறைக்கற அளவுக்கு அடுக்காதீங்க. மாமியார் வீட்ல இருந்து அரிசி, ஸ்டவ், குக்கர் எல்லாம் வரும், கேஸ் சிலிண்டர மட்டும் உள்ள ஏத்தாதீங்க, மூடின கார்ல வெயில்ல அது என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியதில்ல. அஞ்சு சீட்டு வண்டில ஏழு பேர் ஏறாதீங்க, பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்.

கைக்கு எட்ற மாதிரி முன்னாடி இருக்க வேண்டியது: தண்ணி, வாந்தி கவர், டிஷ்யூ, எலுமிச்சை, டார்ச், சில்லறை. பிரஷர், சுகர் மாத்திரை ரெண்டு எடத்துல பிரிச்சு வெச்சுக்கோங்க, ஒரு பை காணாம போனாலும் இன்னொன்னு இருக்கும். கொழந்தைக்கு வாந்தி மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு வாங்காம டாக்டர்கிட்ட கேளுங்க. ரிஃப்ளெக்டர் முக்கோணம் வண்டியோடவே வந்திருக்கும், எங்கயாவது கவர் கூட பிரிக்காம கெடக்கும், எடுத்து மேல வைங்க. மேப்ல சென்னை முதல் அரக்கு வரைக்கும் ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிடுங்க, மலைல சிக்னல் போயிடும்.

ரூம் புக் பண்ணும்போது ஃபோட்டோ பாத்து ஏமாறாம ஒரு ஃபோன் போட்டு "காருக்கு உள்ள பார்க்கிங் இருக்கா, லிஃப்ட் இருக்கா"னு கேளுங்க. விஜயவாடால ஊருக்குள்ள போய் மாட்டாம ஹைவே பக்கமாவே எடுங்க. அரக்கு மட்டும் வீக்கெண்ட்ல ரூம் கெடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால நாலாவது நாள் செவ்வாய், புதன்ல விழற மாதிரி கெளம்பற நாளை வைங்க.

கெளம்பற நாளும் ரோடும்

காலைல நாலு மணி. நாலுன்னா வண்டி நகர்ற டைம், எழுந்துக்கற டைம் இல்ல. மொத நாள் நைட்டே லக்கேஜ் ஏத்திட்டு ஓட்றவர் ஒம்போது மணிக்கு படுத்துடணும், மத்தவங்க பேக்கிங் பண்ணட்டும். ஆறு மணிக்கு மேல கெளம்பினா மூலக்கடைலயும் மாதவரத்துலயும் லாரியோட லாரியா நிப்பீங்க. திருவொற்றியூர், எண்ணூர்காரங்க மாதவரம் வரணும்னு இல்ல, மணலி, ஆண்டார்குப்பம் வழியா பொன்னேரி ரோட்ல போய் பஞ்செட்டில ஹைவே ஏறிடலாம், ஆனா அந்த ரோட்ல கண்டெய்னர் லாரி ஜாஸ்தி, இருட்டுல ஓரமா லைட் இல்லாம நிறுத்தி வெச்சிருப்பான், மெதுவா.

நல்லூர் டோல், காரனோடை, கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்பேட்டை. வெளிச்சம் வர்ற நேரத்துக்கு சூலூர்பேட்டை தாண்டிருப்பீங்க. குளிர்காலம்னா ஹைவேல இருந்து கொஞ்சம் உள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயம், கூழக்கடா கூட்டம் கூட்டமா இருக்கும், பசங்களுக்கு புடிக்கும். பேசின் பிரிட்ஜ்ல நாம மூக்க பொத்திட்டு தாண்டற அதே பக்கிங்காம் கால்வாய் இங்கயும் ரோட்டுக்கு கெழக்கால கூடவே வருது, ஒரு காலத்துல அந்த பக்கத்துல இருந்து நெல்லும் விறகும் படகுல நம்ம ஊருக்கு வந்த வழி அது.

ஏழு ஏழரைக்கு நெல்லூர்ல டிபன். அப்பால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா நிறுத்தணும், தூக்கம் வந்தாலும் வரலன்னாலும். எறங்கி பத்து நிமிஷம் நடங்க. மத்தியானம் ஃபுல் மீல்ஸ் அடிச்சிட்டு உடனே ஸ்டீரிங் புடிக்காதீங்க, ஆந்திரா மீல்ஸ்ல பப்பு, பொடி, நெய், கோங்குரானு சோறு உள்ள போயிட்டே இருக்கும், ரெண்டு மணி வெயில்ல கண்ணு தானா சொக்கும். அதனால தான் மொத நாள் மதியத்தோட விஜயவாடால ஓட்டத்த முடிக்க சொல்றேன். சாயந்தரம் கிருஷ்ணா ஆத்து மேல 1957ல கட்டி முடிச்ச பிரகாசம் பேரேஜ்ங்கற தடுப்பணை, கனகதுர்கா கோயில், உண்டவல்லி குகை எல்லாம் பாக்க டைம் கெடைக்கும். காரம் தாங்காத பசங்களுக்கு பெருகு, அதாவது தயிர், எக்ஸ்ட்ரா கேளுங்க, காலைல பெசரட்டு உப்புமாவ, அதாவது பச்சைப்பயறு தோசையோட உப்புமா, விட்றாதீங்க.

லெஃப்ட்ல லாரி, ரைட்ல லாரி, ரெண்டும் ஒரே வேகம், இது ஹைவேல டெய்லி நடக்கும். ஹாரன் அடிச்சு, லைட் அடிச்சு, அவன் பாக்கறான்னு தெரிஞ்சப்பறம் தாண்டுங்க. கெத்து காட்டாதீங்க. ஹைவே தானேனு எதிர்ல வண்டி வராதுனு நெனைக்கக்கூடாது, ஊர் பக்கம் வந்தா டூவீலரும் டிராக்டரும் ராங் சைடுல வரும், மீடியன் கேப்ல எருமை வரும். சாயந்தரம் இருட்டினப்பறம் ஓட்டாதீங்க, அவ்ளோ தான் ரூல். வண்டி நின்னுச்சுன்னா இண்டிகேட்டர் நாலும் போட்டு, ஓரம் கட்டி, முக்கோணத்த பின்னாடி அம்பது மீட்டர் தள்ளி வெச்சிட்டு, எல்லாரையும் எறக்கி ரோட்டுக்கு வெளிய நிக்க வைங்க, வண்டிக்குள்ள உக்கார வைக்காதீங்க. நேஷனல் ஹைவே உதவிக்கு 1033, ஆம்புலன்ஸ் 108, மத்தபடி 112. இன்சூரன்ஸ்ல ரோட் சைடு அசிஸ்டென்ஸ் சேத்திருந்தா அந்த நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்க.

ராஜமுந்திரில கோதாவரிய பாக்காம போனா பாவம், ஊர் பக்கத்துலயே தவளேஸ்வரம், வெள்ளக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1852ல முடிச்ச அணை இருந்த எடம், அந்த மாவட்டங்கள்ல அவருக்கு செல வெச்சு மாலை போடறாங்க. கடியம் நர்சரில செடி வாங்கணும்னா திரும்பி வரும்போது. காகிதம் மாதிரி மெல்லிசா இருக்கற ஆத்ரேயபுரம் ஸ்வீட்டு பூதரேகுலுவும் அதே மாதிரி தான், போகும்போது வாங்கினா வைசாக் போறதுக்குள்ள பொடி. வைசாக்ல ஆர்கே பீச், குர்சுரா நீர்மூழ்கி கப்பல் மியூசியம், கைலாசகிரி, சிம்மாசலம், ஒரு நாளுக்கு அது போதும்.

அரக்கு மலைல ஏறும்போது பிரச்சன இல்ல, எறங்கும்போது தான். ஏறின கியர்லயே எறங்கணும், செகண்ட் போட்டா இன்ஜினே வண்டிய புடிக்கும். பிரேக்க அமுக்கிட்டே வந்தா சூடாகி கருகின வாசன வரும், வந்தா ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்ற வேலை வேணவே வேணாம். குறுகலான எடத்துல ஏறி வர்ற வண்டிக்கு தான் வழி. டேங்க வைசாக்லயே நெரப்பிடுங்க, பகல்லயே ஏறி பகல்லயே எறங்குங்க. வழில போரா குகை, உள்ள படிக்கட்டு நெறைய, முட்டி வலிக்காரங்க வாசல்ல மூங்கில் சிக்கன் சாப்ட்டுட்டு காத்திருக்கலாம்.

திரும்பி வரும்போது ஞாயித்துக்கெழம சாயந்தரம் செங்குன்றம் வர்ற மாதிரி போடாதீங்க, ஊருக்கு போன மொத்த சென்னையும் அங்க தான் நிக்கும். வீட்டுக்கு வந்த மறுநாள் ஃபாஸ்டேக் மெசேஜ் எல்லாத்தையும் உக்காந்து பாருங்க, ஒரே டோல்ல ரெண்டு தடவ எடுத்திருந்தா தேதி, டைம், டோல் பேரோட டேக் குடுத்த பேங்க்ல கம்ப்ளெயிண்ட் போடுங்க, 1033லயும் சொல்லலாம்.